மண்ணுக்கடியில் நஞ்சு, பரணில் பாலிசி

கெடு முடிந்த இன்ஷூரன்ஸ் பாலிசியை யாராவது பத்திரப்படுத்தி வைப்பார்களா? அமெரிக்காவில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாலிசிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை 'இன்ஷூரன்ஸ் தொல்பொருள் ஆய்வாளர்' என்கிறார்கள். கேலிப் பெயர் போலத்தான் இருக்கிறது! ஆனால் அவர்கள் தேடி எடுக்கும் காகிதங்களைக் கொண்டு, நஞ்சேறிய தொழிற்சாலை நிலங்களைத் தூய்மைப்படுத்தப் பணம் கிடைக்கிறது. பழைய பாலிசியிலிருந்து இப்படிப் பணம் கேட்பது நியாயமா? நியாயமே என்பது என் கருத்து. அதற்கு அறிவியலே சாட்சி.

கலிபோர்னியாவில் டாரன்ஸ் நகருக்கு அருகே மான்ட்ரோஸ் என்ற கம்பெனி 1947 முதல் 1982 வரை டி.டி.டி. தயாரித்து வந்தது. டி.டி.டி. தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. ஆனால் அதன் மூலப்பொருள்களில் ஒன்றான குளோரோபென்சீன் திரவத்தில் நன்றாகக் கரையும். இத்திரவமோ நீரைவிட அடர்த்தி மிக்கது. எனவே ஆலையில் சிந்திய கலவை மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீருக்குள்ளும் மூழ்கி, ஆழத்தில் தங்கிவிட்டது. அங்கிருந்து குளோரோபென்சீன் சிறிது சிறிதாக நீரில் கலந்து பரவியது. நிலத்தடி நீர் ஆறுபோல ஓடுவதில்லை. மணல் இடுக்குகளில் ஊர்ந்து செல்கிறது. ஆலையை மூடிய பிறகும் நஞ்சு நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

1980-ல் அமெரிக்காவில் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது. நிலத்தைக் கெடுத்தவர்கள், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும், தூய்மைப்படுத்தும் செலவை ஏற்க வேண்டும் என்றது. கம்பெனிகள் பழைய பாலிசிகளைத் தேடத் தொடங்கின.

ஏன் பழையவை? 1966-ல் வந்த பொதுப் பாலிசி, மெல்ல மெல்ல நேரும் சேதத்துக்கும் ஈடு தந்தது. 1973-ல் திடீர் விபத்தாக நேரும் மாசுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1986-ல் மாசுக்கு ஈடே கிடையாது என்றுவிட்டார்கள்.

இனிதான் சிக்கல். லாரி மோதினால் நாளும் நேரமும் சொல்லிவிடலாம். நிலத்தடி நீர் என்றைக்குக் கெட்டது? நஞ்சு ஆண்டுக்கு 30 மீட்டர் நகர்கிறது, இப்போது 900 மீட்டர் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கசிவு தொடங்கி 30 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். (நஞ்சு மண்துகள்களில் ஒட்டிக்கொள்வதால் நீரைவிட மெதுவாகவே நகரும், அந்த வேகத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.) அந்த 30 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சிறிது நிலம் கெட்டிருக்கிறது. மான்ட்ரோஸ் வழக்கில் 1995-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும், தொடர்ந்து நடக்கும் சேதத்துக்கு அது நீடித்த காலத்துப் பாலிசிகள் எல்லாம் பொறுப்பாகலாம் என்றே தீர்ப்பளித்தது. அதே கம்பெனியின் 1961 முதல் 1985 வரையிலான பாலிசிகள் பற்றி 2020-லும் ஒரு தீர்ப்பு வந்தது!

"இவ்வளவு பெரிய செலவை எதிர்பார்த்து நாங்கள் பிரீமியம் வாங்கவில்லையே" என்கின்றன இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். எதிர்பாராததை ஏற்பதுதானே அவர்கள் தொழில்? வேண்டுமென்றே நஞ்சைக் கொட்டியவனுக்குப் பாலிசி உதவக்கூடாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். பாலிசிகளிலேயே அந்த நிபந்தனை உண்டு. மற்றபடி, ஆலை மூடி, முதலாளியும் மறைந்த இடத்தில் வேறு யார் பணம் தருவார்கள்? அக்கம்பக்கத்து மக்களும் அரசாங்கமுமே சுமக்க வேண்டியிருக்கும். ஆலை போனாலும் அன்று எழுதிய பாலிசி செத்துவிடுவதில்லை.

பாலிசியே தொலைந்துபோனால்? பிரீமியம் கட்டியதைக் காட்டும் கணக்குப் புத்தகம், ஏஜெண்டின் கடிதம் போன்றவை சாட்சியாகின்றன. பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிட்டால் அவையும் போய்விடும். இரசாயன ஆலை நடத்துகிற ஒவ்வொருவரும், அந்த நிலம் உள்ளவரை இன்ஷூரன்ஸ் காகிதங்களை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே செய்யலாம். அதற்கு ஒரு பீரோ போதும்.