ஆற்றுவாழையும் கமக்காரர் கடமையும்

பூவின் அழகுக்காக 1905ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை, தன்னை ஒழிக்கச் சட்டமே வேண்டுமாறு விரைந்து பெருகிற்று. 1909ஆம் ஆண்டிற் சட்டம் பிறந்தும் களை ஒழிந்திலது. அது குளத்தை மூடினால் ஒளி நீருட் புகாது. பிராணவாயு குறைந்து மீன் மடியும். வாய்க்கால் அடைபட்டு வயலுக்கு நீர் எட்டாது.

ஒருவர் தம் பங்கை மட்டும் துப்புரவாக்குவதாற் பயனில்லை; அயலிலிருந்து மிதந்துவரும் ஒரு செடியே மீண்டும் பல்கப் போதும். ஆகவே, ஊரார் ஒன்றுகூடிப் பூக்குமுன் வேரோடு அகற்றுதலே சாலச் சிறந்தது. அகற்றியதை நீரோரத்தில் விடாது, மேட்டுநிலத்தில் உலர்த்திக் கூட்டெருவாக்கல் வேண்டும். சேற்றிற் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிர்த்திருக்குமாதலின், ஒருமுறை செய்து ஓய்தல் தகாது. சட்டம் தண்டிக்கலாம், குளத்தைக் காப்பது கமக்காரர் கையே.