துப்பறியும் கதைக்கும் அளவு உண்டு

நாம் படித்து மகிழ்ந்த நாவல் ஒன்று தொலைக்காட்சிக்கு வந்துவிட்டால், “கதையைக் கெடுத்துவிட்டார்கள்” என்று வருந்துவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஓர் எழுத்தும் மாறாமல் எடுக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். எழுத்துக்கலை வேறு, காட்சிக்கலை வேறு. எப்படியும் மாற்றலாம் என்பர் மற்றொரு சாரார். துப்பறியும் கதைகளைப் பொறுத்தவரை இரு சாராருமே நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து தேடுகிறார்கள் என்பது என் கருத்து. இங்கே மாற்றுவது குற்றமன்று, நீட்டுவதே குற்றம்.

மாற்றுவது குற்றமன்று என்பதற்கு இங்கிலாந்தின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் சான்று. கோலின் டெக்ஸ்டர் 1975 முதல் 1999 வரை மோர்ஸை வைத்து 13 நாவல்கள் எழுதினார். 1987இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது, நாவலில் மோர்ஸ் ஓட்டிய லான்சியா கார் ஜாகுவார் ஆயிற்று. நாவலில் வேல்ஸ்காரராகவும் மோர்ஸைவிட மூத்தவராகவும் இருந்த உதவியாளர் லூயிஸ், திரையில் வட இங்கிலாந்து இளைஞர் ஆனார். ஆசிரியர் சினங்கொண்டாரா? இல்லை. பின்னர் எழுதிய நாவல்களில் தாமே ஜாகுவாரை ஏற்றுக்கொண்டார். 2000ஆம் ஆண்டுவரை 33 படங்கள் வந்தன. நாவல்கள் போதாமல் புதுக் கதைகளும் எழுதப்பட்டன. இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. ஒரு வழக்கு ஒரே இரவில் தொடங்கி, அந்த இரவிலேயே முடிந்தது.

நீட்டினால் என்ன ஆகும்? 1984 முதல் 1994 வரை ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லக் ஹோம்ஸ் தொடரைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சிறுகதைக்கு ஒரு மணி நேரம் என்பதே கணக்கு. அவற்றை இன்றும் அலுப்பின்றிப் பார்க்கலாம். 1993இல் இரண்டு சிறுகதைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமாக இழுத்தார்கள். கதை போதவில்லை. டாயில் எழுதாத தீக்கனவுகளையெல்லாம் ஹோம்ஸ் காணவேண்டியதாயிற்று! அதே நடிகர்தான், ஆனால் பழைய விறுவிறுப்பைக் காணோம். மறு ஆண்டே அவர்கள் பழைய ஒரு மணி நேர அளவுக்குத் திரும்பினார்கள்.

அறிவியல் மாணவனுக்கு இது புதிர் அன்று. ஒரு குவளை உப்புநீரில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் உப்பின் அளவு குறைவதில்லை, உவர்ப்புத்தான் போய்விடுகிறது. துப்பும் அவ்வாறே. புத்தகம் படிப்பவன் ஐயம் வந்தால் பத்துப் பக்கம் பின்னே புரட்டிப் பார்க்கலாம். எட்டுப் பகுதி பார்ப்பவன், முதற் பகுதியில் மேசைமேல் இருந்த கடிதத்தை எட்டாம் பகுதியில் எப்படி நினைவில் வைத்திருப்பான்? ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு திடுக்கீடு வேண்டுமே என்பதற்காகக் கதைக்கு வேண்டாத சந்தேக நபர்கள் வந்து போகிறார்கள். முடிவில் குற்றவாளி பிடிபடும்போது, “நாமும் கண்டுபிடித்திருக்கலாமே!” என்ற இன்பம் நமக்குக் கிட்டுவதில்லை.

பாத்திரங்களின் வாழ்வைக் காட்ட நீளம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. சரதிந்து பந்தியோபாத்யாய் 1932 முதல் வங்காளியில் எழுதிய பியோம்கேஷ் பக்ஷி கதைகளை, பாசு சட்டர்ஜி 1993இல் தூர்தர்ஷனுக்காக இந்தியில் எடுத்தார். பெரும்பாலும் ஒரு கதைக்கு ஒரு பகுதி. பெரிய கதைக்கு இரண்டு. தம்மைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ளாமல் சத்தியான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுபவன், என்று சொல்லிக்கொள்ளும் பியோம்கேஷ், கல்கத்தாவின் மெஸ் ஒன்றில் வேறு பெயரில் வந்து தங்கி அஜித்தின் நட்பைப் பெறுகிறார். பிறகு ஒரு வழக்கில் சத்தியவதியைச் சந்திக்கிறார், மணம் புரிகிறார். வாழ்வு வளர்கிறது. ஆனால் எந்த வழக்கையும் இழுத்து வளர்க்கவில்லை. வழக்குக்குப்பின் வழக்காக வளர்கிறது. தொடர் நாவல் என்பதன் பெருமையே அதுதானே!

ரஜித் கபூர் நடித்த அத்தொடரை 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பியது. வங்காளி ஒரு சொல்லும் அறியாத நம்மில் பலருக்குப் பியோம்கேஷ் அறிமுகமானது இப்படித்தான். நூல் எட்டாத இடத்துக்கு நல்ல தொடர் எட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நண்பர்களே, தமிழகத்துக்கு வெளியே படிக்க வந்த நமக்கு இதில் ஓர் அக்கறை உண்டு. பக்கத்து அறை வங்காளி நண்பர் பியோம்கேஷைப் பற்றிப் பேசும்போது நாம் தலையசைக்கிறோம். நாம் சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் பற்றிப் பேசினால் அவர் விழிக்கிறார். தேவனின் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் அவருக்கு வெறும் பெயர்கள். நம்மிடம் கதை இல்லாமலா இப்படி? அவற்றை அளவறிந்து எடுத்து, பிறமொழி நண்பர் முன்னே வைப்பவர் வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவில், உரியவர்களிடம் இசைவு பெற்று, ஒரு கணேஷ்-வசந்த் கதையை நாற்பதே நிமிடத்தில் நடித்துக் காட்டுவோம். வசனத்தின் இந்தி மொழிபெயர்ப்பைத் திரையில் ஓடவிடுவோம். கொலைகாரன் யார் என்று கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன் அவையோரையே கேட்போம். சரியான விடை சொல்பவர் தமிழ் அறியாத ஒருவராக இருந்தால், அதுவே நம் வெற்றி.