தெளிந்த நீரும் தூய நீரும்

"கலவை யாது? கரைசல் யாது?" என்னும் வினாவிற்கு விடை எழுத அறியாதார் இரசாயனம் பயிலும் நம் மாணவருள் இலர். ஆயினும் அவ்விடையை எழுதிய மாணவரே, வீட்டில் ஒரு குவளைக் கிணற்று நீரை முகந்து, "கண்ணாடிபோல் தெளிந்துளது, ஆதலின் தூயது" என்று தயங்காது பருகுகின்றனர். ஏட்டிற் கற்ற வேறுபாடு வீட்டிற்கு வந்திலது என்பதே இதன் பொருள். இக்குறையை நீக்குதற்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களினும் சிறந்த பாடசாலை வேண்டுவதில்லை என்பது என் துணிபு.

மழைக்காலத்து ஏரிநீர் கலங்கி வருகின்றது. அது கலவை. மண்துகள்கள் நீரிடை மிதக்கின்றனவேயன்றி நீரோடு ஒன்றாயின அல்ல. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தே தேய்த்துவிடின், அந்நுண்துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு அடியிற் படிகின்றன. நம் முன்னோர் கண்ட இம்முறை போற்றத்தக்கதே. ஆனால் அது கலவையைப் பிரிக்குமேயன்றிக் கரைசலைத் தீண்டாது. கரைந்த உப்பு எத்துணை மெல்லிய துணியால் வடிகட்டினும் நீரோடு உடன்செல்லும்.

நிற்க. அரியலூர் நிலம் பண்டைக்காலத்தே கடல் பரந்திருந்த இடம். அக்கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டு ஆலைகட்கு மூலப்பொருளாகின்றது. தூய நீரில் அக்கல் மிகச் சிறிதே கரையும். மழைநீரோ காற்றினின்றும் மண்ணினின்றும் கரியமிலவாயுவை ஏற்று, மெல்லிய அமிலமாகி, கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகின்றது. அந்நீரைக் காய்ச்சுங்கால் வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் வெண்படிவாய் மீள்கின்றது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் பக்கத்துக் களிமண்ணிற் காணப்படும் ஜிப்சமோ, லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் வரை நீரிற் கரையவல்லது. அதனால் வரும் கடினத்தன்மையைக் காய்ச்சுதலும் போக்காது.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ஆம் ஆண்டில் வரையறுத்தது. 600 எனின், 15 லிட்டர் கொள்ளும் குடம் ஒன்றில் 9 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு நிகரான பொருள் கரைந்துளது என்பதாம். கண்ணுக்கோ ஒன்றும் தோன்றாது.

கரைசலின் ஆற்றலை ஐயுறுவார் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் செல்க. 1940-ஆம் ஆண்டில் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுரைத்த கல்மரம் ஆங்கே 18 மீட்டர் நீளத்திற் கிடக்கின்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி மண்ணுட் புதைந்த அம்மரத்தினுள், நீரிற் கரைந்த சிலிகா சிறிது சிறிதாகப் புகுந்து படிந்து, மரத்தைக் கல்லாக்கிற்று.

"இந்நீரைப் பருகியன்றோ நம் பாட்டனார் வாழ்ந்தனர்?" என்பார் உளர். உண்மையே. சுண்ணாம்பு நஞ்சன்று, அதனால் மிகுவன சவுக்காரச் செலவும் பாத்திரப் படிவுமே. ஆனால் ஃபுளோரைடும், வயலுக்கிடும் உரத்தினின்றும் இறங்கும் நைட்ரேட்டும் இவ்வாறே நிறமும் மணமுமின்றி நீரிற் கரைந்திருத்தல் கூடும். முன்னது மிகின் பல்லும் எலும்பும் கெடும். பின்னது மிகின் கைக்குழந்தைகட்கு உயிரிடர். இவற்றுக்குக் கண் சான்றாகாது, சோதனையே சான்று.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் கிணற்று நீரில் இரண்டு லிட்டர் கொணர்க. ஒரு பகுதியை ஆவியாக்கி எஞ்சியதை நிறுத்தும், சவுக்கார நுரையாற் கடினத்தை அளந்தும், ஃபுளோரைடு நைட்ரேட்டு அளவுகளை ஆராய்ந்தும், கண்ட முடிவை அவ்வூரார்க்கு எளிய தமிழில் எழுதித் தருக. இதற்குச் சோதனைச்சாலையைத் திறந்துவிடுதல் கல்லூரியின் கடன். அன்றே கலவையும் கரைசலும் நாம் உண்மையிற் கற்றனவாகும்.