ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன்: சிறார் பக்கம் நின்ற எழுத்து



சுவீடனின் சிறார் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் 1907 நவம்பர் 14 அன்று, விம்மர்பி என்ற சிற்றூரையொட்டிய பண்ணையில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் உள்ளூர் நாளிதழிலும், பிறகு ஸ்டாக்ஹோமில் தட்டச்சு, சுருக்கெழுத்துப் பணிகளிலும் இருந்தார்.

1941இல் நிமோனியாவில் படுத்திருந்த மகளுக்குச் சொன்ன கதைகளில் உருவானவள் பிப்பி. பெரியவர்களின் துணையின்றி ஒரு குரங்குடன் வாழ்பவள். குதிரையையே தூக்கிவிடும் பலசாலி. அக்கதைகளை எழுதி முதலில் அணுகிய பதிப்பகம் மறுத்துவிட, 1945இல் வேறொரு பதிப்பகம் நூலை வெளியிட்டது. அடங்காத சிறுமி கெட்ட முன்மாதிரி என்று சிலர் கண்டித்தும் பிள்ளைகள் அவளைக் கொண்டாடினர். பிற்பாடு அவர் கதைகளில் குறும்புக்கார எமிலும், காட்டில் வளரும் ரோன்யாவும் வந்தனர். மரணத்தையும் அவர் சிறார் கதையிலிருந்து விலக்கவில்லை.

1958இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றார். 1976இல் அவர் எழுதிய நையாண்டிக் கதை, வருமானத்தையே மிஞ்சும் வரியைச் சாடி நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1978இல் ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசை ஏற்றபோது, பிள்ளைகளை அடித்து வளர்ப்பதை எதிர்த்துப் பேசினார். மறு ஆண்டு, பெற்றோர் அடிப்பதையும் தடைசெய்த முதல் நாடானது சுவீடன். பண்ணை விலங்குகளுக்காகவும் அவர் போராடினார். அதையடுத்து 1988இல் சுவீடனில் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

2002 ஜனவரி 28 அன்று, 94ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு சுவீடன் அரசு அவர் பெயரில் 50 லட்சம் குரோனர் மதிப்புள்ள சர்வதேசச் சிறார் இலக்கிய விருதை நிறுவியது.

- வாசகர், திருச்சி