இரவுக்குறி மறுத்தல்

சென்ற மாதம் நாயுடுபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்த இலக்கிய நண்பர்கள் சிலர் பேரிஜம் ஏரிக்குப் போய்விட்டுக் கோபத்துடன் திரும்பினார்கள். கரையில் கூடாரம் அடித்து ஓரிரவு தங்க வனத்துறை அனுமதிக்கவில்லையாம். "குறிஞ்சிக்குரிய பொழுது யாமம். அதைக் காணத் தமிழ் வாசகனுக்கு உரிமை இல்லையா?" என்றார் ஒருவர். கேட்க அழகான வாதம்தான், ஆனால் பிழையானது. இலக்கியத்தின் பெயரால் சொல்லப்பட்டதால் இலக்கியத்தைக் கொண்டே மறுக்கிறேன்.

யாமத்தைக் குறிஞ்சிக்கு உரித்தாக்கிய அதே மரபில் 'இரவுக்குறி மறுத்தல்' என்ற துறையும் உண்டு. யானையும் புலியும் பாம்பும் திரியும் வழியில் இரவில் வராதே என்று தோழி தலைவனைத் தடுப்பதைச் சங்கக் கவிஞர்கள் சலிக்காமல் பாடியிருக்கிறார்கள். அவளுடைய உள்நோக்கம் வரைவு கடாவுதல் அல்லவா என்று கேட்கலாம். ஆம். ஆனால் மலையின் இருள் அஞ்சத்தக்கது என்பதைத் தலைவனும் அறிந்திருப்பதால்தான் அவள் சொல் எடுபடுகிறது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், கூடாரத்தில் தங்கச் சென்ற ஒரு பெண்ணை யானை கொன்றது. தோழியின் அச்சம் வெறும் கவிமரபு அல்ல.

இன்னொன்று, நண்பர்கள் பேரிஜத்தை 'மனிதக் கை படாத ஏரி' என்றார்கள். அது சதுப்பு நிலத்தில் அணை கட்டி உருவாக்கப்பட்ட நீர்த்தேக்கம். மலையடிவாரத்துப் பெரியகுளத்தின் குடிநீர். சுற்றியுள்ள சோலையும் புல்வெளியும் மழையை உறிஞ்சி, கோடையிலும் கசியவிடுவதால்தான் மலையில் ஓடைகள் வற்றுவதில்லை. அந்தக் கரையில் நூறு கூடாரங்கள் முளைத்தால் அவற்றின் கழிவு எங்கே போகும்? நம் ஓரிரவுக் கவித்துவத்தின் எச்சத்தைக் குடிக்கப்போகிறவர்கள் கீழே இருக்கிறார்கள்.

நான் வனத்துறையின் வழக்கறிஞன் அல்ல. இம்மலையின் புல்வெளிகளில் சீகையும் பைனும் யூகலிப்டஸும் நட்டு அவற்றைச் சிதைத்ததில் அத்துறைக்குப் பெரும்பங்கு உண்டு. 2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டரைக் கொடைக்கானல் வனவுயிர் சரணாலயமாக அறிவித்ததால் அந்தப் பழி தீர்ந்துவிடாது. செல்வாக்குள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு எங்கே இருந்தாலும், அதையும் சேர்த்து மூடு என்று கேட்பதே நேர்மை. எனக்கும் திற என்பது அல்ல. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்துவரும் பளியர்களின் உரிமையையும் நம் வார இறுதி ஆசையையும் ஒரே தட்டில் வைப்பது அதைவிடப் பெரிய பிழை.

நடக்க வேண்டுமா? தமிழக அரசு 2024இல் மலையேற்றத்துக்கென்றே 40 பாதைகளை, வழிகாட்டிகளுடன் அறிவித்தது. பேரிஜத்தையும் அனுமதிச் சீட்டுடன் பகலில் பார்க்கலாம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களை ஒப்பிப்பவர்கள் நாம். அவற்றில் ஐந்தையேனும் பகல் வெளிச்சத்தில் இனங்காண நம்மால் முடியுமா? அதைக் கற்றபின் யாமத்தைப் பற்றிப் பேசுவோம். அதுவரை, இருட்டும் முன் இறங்கி வாருங்கள். காட்டெருமைகள் நீர் குடிக்க வரும் நேரம் அது.