தீர்ப்பு வந்தால் தீர்ந்ததா?

தம் ஊர் ஏரியில் கழிவு கலந்த விவகாரத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக்கு ஏற்றது என்ற செய்தியைப் படித்ததும், "இனிக் கவலையில்லை, கோர்ட்டே பார்த்துக்கொள்ளும்" என்று சென்ற வாரம் என் நண்பர் ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நீதிபதியின் கையெழுத்து விழுந்த மாத்திரத்தில் நீர் தெளிந்துவிடும் என்னும் இந்தப் பிரமை, படித்தவர்களையே இப்படி ஆட்கொண்டிருப்பதைக் கண்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவரைப் பாலாற்றங்கரைக்கு வரச் சொன்னேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை எதிர்த்து 1991-இல் ஜனங்கள் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டது என்ற ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, மாசு செய்தவனே நஷ்டத்தை ஈடு கட்ட வேண்டும் என்றும், தீங்கு நேருமுன் தடுப்பது சர்க்காரின் கடமை என்றும், 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் அந்தத் தீர்ப்பின்மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அதே ஆற்றுக்காக, அதே கழிவுக்காக, அதே நஷ்டஈட்டுக்காக 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டுக் குழு அமைக்க நேர்ந்ததே, அதற்கு என்ன பதில்? தீர்ப்பு வந்த வருஷம் பிறந்த குழந்தை இன்று தானே ஒரு குழந்தைக்குத் தாய். இடையில், 2015-இல், கழிவைச் சுத்திகரிக்கவென்றே எழுந்த ராணிப்பேட்டை நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டு போனார்கள்.

அக்கரைக் கிராமமொன்றில் ஒரு மூதாட்டி, கிணற்றில் சேந்திய தண்ணீரில் சோப்பைத் தேய்த்துக் காட்டினார். அது திரிதிரியாய்த் திரிந்ததே ஒழிய நுரைக்கவில்லை. சமையலுக்கென்று விலை கொடுத்து வாங்கிய கேன் தண்ணீர் அடுப்பங்கரையில் தனியே இருந்தது. "கேஸுல நாமதான் ஜெயிச்சோம்னு சொல்றாங்க சாமி" என்றார் அவர்.

ஜெயித்த வழக்கைக் கிணறுவரை கொண்டுவர வேண்டியவர்கள் கலெக்டர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பஞ்சாயத்து, சுகாதாரத் துறை ஆகியோரே. நீதிபதி ஆலை வாசலில் காவல் நிற்க முடியாது. நாமோ தீர்ப்பன்று வெடி வெடித்துவிட்டு மறுநாளே இவர்களைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். தாமதிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தோலில் தடிப்பும் வயிற்றில் வலியுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற ஏழையிடம், உன் நோய்க்கு ஆலைத் தண்ணீர்தான் காரணம் என்று நீயே நிரூபி என்கிறோம். அவன் பெயரால் எழுதப்பட்ட தீர்ப்பும் அவனுக்கு விளங்காத இங்கிலீஷில் கிடக்கிறது. ஏற்றுமதி வருமானத்தைப் பேச மேடையேறும் மந்திரிகள் எந்தக் கட்சியினராயினும், இந்தக் கிணறுகளைப் பற்றி ஒரு வாக்கியம் பேசக் காணோம்.

நண்பரின் ஏரிக்கும் நான் கேட்பது இதுதான்: மாதந்தோறும் அந்த நீரைப் பரிசோதித்து, அதன் முடிவை, சோதித்த அதிகாரியின் பெயரோடும் கையெழுத்தோடும், பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டச் செய்யுங்கள்; ஒட்டாத மாதம் ஊரே திரண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகட்டும்.