கண்ணாடிக்குள் கடல்: ஒரு செலவுக் கணக்கு

எங்கள் வீட்டு நடையில் காலியான கண்ணாடித் தொட்டி ஒன்று சில காலமாகக் கிடக்கிறது. 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். நிரப்பினால் 75 லிட்டர் கொள்ளும். சித்தப்பா கொடுத்தது. ஆறு ஆண்டுகள் அவர் வீட்டில் அதில் கடல்நீர் இருந்தது. பாறையடுக்கும், விரல்களை விரித்து அசையும் மென்பவளங்கள் சிலவும், ஓர் இணைக் கோமாளி மீன்களும் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது அவருடைய தெருவில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. நீரில் காற்றுக் கலக்க வேண்டுமே என்று முதல் இரவு முழுவதும் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாராம். இரண்டாம் இரவு அயர்ந்துவிட்டார். விடிந்தபோது மீன்கள் இரண்டும் மேலே மிதந்தன. அடுத்த வாரமே தொட்டியைக் கழுவி எங்களிடம் தந்து, "வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் போதும்" என்றார்.

ஒரு சிறிய பவளத் தொட்டி அமைக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட ஒரு மாலைப்பொழுது போதும் என்று அன்று நினைத்தோம். கணக்கு முடிய மூன்று மாதங்களாயின. விலைகளைத் திரட்டுவது கடினமாக இருந்ததால் அன்று. எந்தெந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் அவ்வளவு காலமும் கழிந்தது.

முதலில் எளிய பகுதி. தொட்டி இலவசம். பவளங்களுக்கு ஏற்ற எல்.இ.டி. விளக்கு 12,000 ரூபாய். நீரைக் குளிர்விக்கும் சில்லர் 30,000. நீரோட்டத்துக்கான பம்புகள் 5,000. ஆர்.ஓ. கருவியும் அதற்கு மேல் அயனிகளை நீக்கும் வடிகட்டியும் 8,000. கடல் உப்புக் கலவை, உவர்ப்பை அளக்கும் கருவி, நீர்ச் சோதனைப் பொருட்கள் 12,000. பாறையும் மணலும் 6,000. சித்தப்பாவின் அனுபவத்துக்குப் பிறகு தவிர்க்க முடியாத, பம்பை மட்டுமாவது ஓட்டும் மின்கல ஏற்பாடு 5,000. ஆக 78,000 ரூபாய். இவை நாங்கள் விசாரித்து முழுமையாக்கிய தொகைகள். கடைக்குக் கடை மாறும். இந்தப் பட்டியலின் கடைசியில்தான் மீன் வருகிறது. வளர்ப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இணை 1,500 ரூபாய். மொத்தச் செலவில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு.

இவ்விடத்தில் நாங்கள் சற்று நின்றோம். எந்த உயிருக்காக இத்தனையும் வாங்குகிறோமோ அந்த உயிர்தான் பட்டியலிலேயே மிக மலிவு. விளக்கு பழுதானால் வருந்துவோம், பழுது பார்ப்போம். மீன் செத்தால் இன்னொன்று வாங்குவோம். விலைப்பட்டியல் நமக்குக் கற்றுத்தரும் பாடம் அதுதான்.

சிறிய தொட்டி என்றால் சிறிய செலவு என்பது அடுத்த மயக்கம். கடலின் பெரிய குணம் அதன் மாறாமை. நீரின் அளவு குறையக் குறைய அந்த மாறாமை குறைகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும். 75 லிட்டர் தொட்டியில் இரண்டு லிட்டர் ஆவியானால் உவர்ப்பு 36ஐ நெருங்கும். 20 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு லிட்டர் ஆவியானாலே 37ஐ நெருங்கிவிடும். வெப்பமும் அப்படித்தான், மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் அப்படித்தான். பெரிய தொட்டி பொறுத்துக்கொள்ளும் பிழையைச் சிறிய தொட்டி பொறுக்காது. இடமில்லை, பணமில்லை என்று சிறிய தொட்டியில் தொடங்குபவர் அனுபவசாலிக்கே கடினமான வேலையை முதல் நாளே எடுத்துக்கொள்கிறார். அந்தப் பிழைகளின் விலையைச் செலுத்துவது அவரல்லர், உள்ளே இருப்பவை.

தொடர்செலவுக்கு வருவோம். வாரம் பத்திலொரு பங்கு நீரை மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கிலோ உப்பு வேண்டும். மாற்றும் நீரோடு, ஆவியாவதை ஈடுசெய்யும் நீரையும் சேர்த்தால் வாரம் 18 லிட்டர் தூய நீர். ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீருக்கு மூன்று லிட்டர் கழிந்துபோகும் என்று கொண்டால், வாரந்தோறும் 50 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. வீடு துடைக்கவோ கழிப்பறைக்கோ அதைப் பிடித்து வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்ற நகரத்தில் இருந்துகொண்டு இதைக் கணக்கில் விடுவது எப்படி?

அடுத்தது மின்சாரம். பவளங்களுக்கு உகந்தது 24 முதல் 27 பாகை செல்சியஸ். சென்னை வீட்டில் மே மாதத்தில் மின்விசிறியின் கீழேயே 34 பாகை இருக்கும். ஆகவே சில்லர் ஆடம்பரம் அன்று. 200 வாட் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடினால் 2.4 அலகு. விளக்குக்கும் பம்புகளுக்கும் இன்னுமோர் அலகுக்கு மேல். மாதம் நூறு அலகைத் தாண்டும். வடிகட்டி மாற்றுவதையும் உணவையும் சேர்த்தால் மாதச் செலவு சுமார் 2,000 ரூபாய். மூன்றேகால் ஆண்டில் இது தொடக்கச் செலவைத் தொட்டுவிடும். கோமாளி மீனோ நன்கு பேணினால் இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடியது. பூனையையும் நாயையும்விட நீண்ட பொறுப்பு என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

காத்திருப்பும் ஒரு செலவுதான். தொட்டியை நிரப்பிய உடனே மீன் விடக்கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாததாலேயே முதல் மீன்கள் பெரும்பாலும் சாகின்றன.

இதுவரை எழுதியது நம் கையிலிருந்து போகும் பணம். எங்களை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது இதன் மறுபக்கம்.

கொளத்தூர்க் கடைகளில் விற்கும் கப்பியும் தங்கமீனும் பண்ணைகளில் பிறந்தவை. கடல் மீன்களின் நிலை வேறு. அலங்காரத்துக்காக விற்கப்படும் கடல் மீன் இனங்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப் பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவையே. பிலிப்பைன்சில் 1960களில் தொடங்கிய ஒரு முறை உண்டு. சயனைடைக் கடல்நீரில் கரைத்துப் பாறை இடுக்குகளில் பீய்ச்சுவார்கள். மயங்கிய மீனைக் கையால் எடுத்துவிடலாம். சுற்றியுள்ள பவளம் சாகும். மீனும் பார்வைக்கு நலமாக இருந்து, வாங்கியவர் வீட்டில் சில வாரங்களில் சாகும். வாங்கியவர் தன் நீரில் குறை தேடிக்கொண்டிருப்பார். இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழும் கார்டினல் மீன் ஒன்று, தொட்டிக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புக்கு வந்தது. தொட்டியிலேயே எளிதாக இனப்பெருக்கம் செய்யக்கூடிய மீன் அது என்பது இதில் உள்ள கொடுமை.

இது புதிய கதையும் அன்று. இலக்கியம் வாசிப்பவர்கள் இதை வேறொரு வழியில் அறிந்திருக்கக்கூடும். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் ஒருவர் ஃபிலிப் ஹென்றி காஸ். மறு ஆண்டு அவர் எழுதிய 'தி அக்வேரியம்' என்னும் நூல், வீட்டுக் கூடத்தில் கடலை வைக்கும் மோகத்தை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. வாளியும் உளியும் ஏந்தி மக்கள் கடற்கரைகளுக்குப் படையெடுத்தார்கள். காஸ் பக்தர், ஒவ்வொரு கடல் அனிச்சத்திலும் இறைவனின் கைவேலையைக் கண்டவர். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட 'ஃபாதர் அண்ட் சன்' என்ற தன்வரலாற்றில், தாம் சிறுவயதில் தந்தையோடு குனிந்து பார்த்த பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டு வெறுமையானதைச் சொல்கிறார். தம் நூல்களே அதற்குக் காரணம் என்பதைத் தந்தை தம் காலத்திலேயே உணர்ந்து வருந்தினார் என்றும் பதிவு செய்கிறார். அன்பினால் செய்த அழிவு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியம் நாங்கள் படித்ததில்லை. அந்தக் கடற்கரைகளை வெறுமையாக்கியவர்கள் எவரும் கடலை வெறுத்தவர்கள் அல்லர்.

நம் கரையிலும் இதற்குச் சமமான கணக்கு ஒன்று இருக்கிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பார்களும் உள்ளன. நம் பழைய நூல்கள் துகிர் என்று குறிக்கும் செம்பவளம் வேறு, பாறை கட்டும் இந்தக் கல்பவளம் வேறு. அது நகையானது, இது சுண்ணாம்பானது. பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்துக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் அனுப்பினோம். தீவுக்கூட்டத்தில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது. 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. கடலிலிருந்து பெயர்த்த பவளப் பாறையை 'லைவ் ராக்' என்று யாராவது காதோடு காதாக விற்க வந்தால், அது வெறும் கல் அன்று. எங்கள் பட்டியலில் பாறை என்று எழுதியிருப்பது சிமெண்டால் செய்த செயற்கைப் பாறைதான்.

எதிர்வாதங்களையும் நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஒரு பாறை மீன் கிலோக் கணக்கில் உணவாகப் போவதைவிட உயிருடன் விற்கப்படும்போது மீனவருக்கு அதிகம் கிடைக்கலாம். கவனமாகக் கைவலையால் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் கடையில் நிற்கும் மீன் எந்தக் கையால் பிடிக்கப்பட்டது என்பதை அறியும் வழி நமக்கு இல்லை. தொட்டிகள் அறிவைத் தந்திருக்கின்றன என்பதும் உண்மை. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பருவங்களையும் நிலவொளியையும் தொட்டிக்குள் செயற்கையாக அமைத்துப் பவளங்களை முட்டையிட வைத்தார்கள். நம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். இந்த வழி வந்த மீனை வாங்குவதில் எங்களுக்குத் தடையில்லை. பல ஆயிரம் சிறுவர்கள் கடலை முதன்முதலில் நேசித்தது ஒரு தொட்டியின் முன்னால்தான் என்பதையும் மறுக்கமாட்டோம்.

ஆனால் அந்த நேசம் கேட்கும் விலையைக் கடைக்காரர் சொல்லும் தொகையோடு முடித்துக்கொள்ளக்கூடாது என்பதே எங்கள் தரப்பு. வளர்ப்பகத்தில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாத மீனை வாங்கக்கூடாது. சில்லருக்கும் நீருக்கும் மின்தடைக்கும் பணம் ஒதுக்க இயலாதவர் மீனுக்குப் பணம் ஒதுக்கக்கூடாது. இயலாமை இழிவன்று, இயலாது என்று தெரிந்தும் ஓர் உயிரைக் கொண்டுவந்து வைப்பதுதான் இழிவு. ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியின் சில்லருக்காக நாம் எரிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்தன. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஒரு தொட்டி இதற்குக் காரணமில்லை. எங்கள் வீட்டுக் குளிர்சாதனம் எரிப்பது அதைவிட அதிகம். எனினும், கடலைச் சூடாக்கும் அடுப்பிலிருந்தே அனல் எடுத்துக் கூடத்தில் ஒரு துளிக் கடலைக் குளிர்விக்கிறோம் என்ற நினைப்பு எங்களை விட்டுப் போகவில்லை.

கணக்கை முடித்ததும் சித்தப்பாவிடம் காட்டினோம். முழுவதையும் படித்தார். "நான் இதில் பாதியைத்தான் செலவு செய்தேன்" என்றார். பிறகு, "மீதிப் பாதியை அதுகள் கொடுத்தன" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாங்கள் 78,000 ரூபாயைப் புரட்டிவிட முடியும். மூன்று நாள் மின்சாரம் இல்லாத இரவுகளில் விழித்திருப்போம் என்று உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே தொட்டியை நிரப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எங்களால் முடியும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாராவது கேட்டால் தொட்டியைத் தந்துவிடுவோம். கூடவே இந்தக் கணக்கையும்.